வாஸ்து புருஷனின் அன்றாடம்

தமிழ் நாள்காட்டிகளில் வாஸ்து நாட்கள் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கும். ஆண்டுக்கு எட்டு நாட்கள். மற்ற நாளெல்லாம் உறங்கிக் கிடக்கும் வாஸ்து புருஷன் அந்த எட்டு நாட்களில் மட்டும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம், கண் விழிக்கிறான் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தை அவன் ஐந்தாகப் பகுத்துக்கொள்கிறான். பல் துலக்குகிறான், குளிக்கிறான், பூஜை செய்கிறான், சாப்பிடுகிறான், தாம்பூலம் தரிக்கிறான். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். வீடு கட்டுகிறவர்கள் கடைசி 36 நிமிடத்தைப் பார்த்து, அவன் சாப்பிட்டுத் தாம்பூலம் போடும் வேளையில், மனைபூஜை செய்து வேலையைத் தொடங்குகிறார்கள்.

நாழிகைக் கணக்கை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தேவனுக்குத் தரப்பட்டிருக்கும் வேலைகள். அசுரனை வெல்வதில்லை, வரம் கொடுப்பதில்லை; காலையில் எழுந்த ஒரு மனிதர் தம் வீட்டில் செய்வதையே அவனும் செய்கிறான். நீர், நெருப்பு, வழிபாடு, உணவு, உண்ட பின் ஓய்வு. வீட்டின் புனிதம் அந்த வீட்டில் தினமும் நடக்கும் காரியங்களில் இருக்கிறது என்ற எண்ணம் இதற்கு அடியில் ஓடுகிறது. இன்று மரபு சார்ந்த வீட்டு வடிவமைப்பு என்ற பெயரில் கட்டப்படுபவற்றை இந்த ஒரு அளவுகோலால்தான் பார்க்க விரும்புகிறேன்: அந்தக் காரியங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா?

நூல்கள் சொல்வதையும் பார்த்துவிடலாம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மனையை 81 அல்லது 64 கட்டங்களாகப் பிரிக்கும் முறை இருக்கிறது. தென்னாட்டு மரபின் முக்கிய நூலான மயமதம் 64 கட்டத்தை மண்டூகம் என்றும் 81 கட்டத்தை பரமசாயிகம் என்றும் சொல்கிறது. கட்டங்களில் 45 தேவர்கள் அமர்கிறார்கள். நடுவிலிருப்பது பிரம்மாவின் இடம். 81இல் ஒன்பது கட்டங்கள், 64இல் நான்கு. அங்கே சுவரோ தூணோ வரக்கூடாது என்பதே ஸ்தபதிகளும் மேஸ்திரிகளும் இன்றும் சொல்லும் வழக்கு. முற்றமுள்ள வீடுகளில் அந்த நடுவிடம் பெரும்பாலும் வானத்துக்கே விடப்பட்டது.

அதே நூல் மரபு மண்ணின் நிறத்தையும் வர்ணத்தோடு சேர்த்துக் கட்டியது. வெள்ளை மண் அந்தணருக்கு, சிவப்பு அரசருக்கு, மஞ்சள் வணிகருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. இதைச் சொல்லாமல் வாஸ்துவைத் தூய அறிவியல் என்று விற்பது நேர்மையில்லை. மரபை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதற்கு நாம்தான் பொறுப்பு. இப்போது நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. நடுவிடத்தைத் திறந்து வை என்ற அருமையான பகுதி கைவிடப்பட்டு, அடுக்ககத்தின் கட்டி முடித்த வீட்டில் சமையல் மேடை தென்கிழக்கில் இருக்கிறதா என்று திசைகாட்டியை வைத்துப் பார்ப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

திறந்த நடுவிடம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டுமானால் செட்டிநாட்டுக்குப் போகவேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை, கோத்தமங்கலம் என்று பரந்துகிடக்கும் ஊர்களில் ஏறத்தாழ 1850க்கும் 1950க்கும் இடையில் நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தினர் கட்டிய வீடுகள் அவை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி என்று கப்பலில் வந்த பொருட்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவற்றையெல்லாம் எடுத்துவிட்டாலும் அந்த வீட்டின் அமைப்பு நிற்கும்.

கிழக்கு மேற்காக ஓடும் நீண்ட மனை. முன்தெருவில் முகப்பும் திண்ணையும். உள்ளே போனால் வளவு என்கிற முதல் கட்டு, நடுவில் முற்றம். அடுத்து சாப்பாட்டுக்கான இரண்டாம் கட்டு. அதற்கும் பின்னால் அடுப்படி, அம்மி, உரல், தானியம் காயவைக்கும் இடம். கடைசிக் கதவு பின்தெருவில் திறக்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் வாசல்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும். இடையிடையே முற்றத்து வெயில் பட்டை பட்டையாக விழும். திண்ணை தெருவுக்குச் சொந்தம், வளவு சடங்குக்கும் உறவுக்கும் சொந்தம், பின்கட்டு வேலைக்கும் பெண்களுக்கும் சொந்தம். வெளிச்சமும் ஓசையும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒருபடி குறையும்.

வளவைச் சுற்றியிருக்கும் அறைகளுக்கு ஒரு சமூகக் கணக்கு உண்டு. நகரத்தார் மரபில் திருமணமான தம்பதியர் ஒரு புள்ளி. மகனுக்குத் திருமணமானதும் வேறு வைப்பார்கள்; அதே வீட்டில், தனிச் செலவு, தனிச் சமையல். வளவை ஒட்டிய ஓர் அறை அவர்களுடையது. அறை சிறியது, பெட்டிப் பேழை வைக்கவும் நல்லநாள் சடங்குக்கும் போதும். பிறப்பு, காது குத்து, திருமணம், முன்னோருக்கான படைப்பு எல்லாம் நடுமுற்றத்தைச் சுற்றிய பொது இடத்தில். தனிமையும் கூட்டும் ஒரே கூரையின்கீழ் எப்படி இருக்க முடியும் என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதிலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மழையைச் சொல்ல வேண்டும். சிவகங்கைச் சீமை வறண்ட பூமி. நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிவதால் விழும் மழையெல்லாம் உள்ளே வருகிறது. ஓட்டு விளிம்பில் தகரத் தூம்பு வைத்து அண்டாக்களிலும் கிடாரங்களிலும் பிடிப்பார்கள். மிச்சம் வடிகால் வழியாக வெளியேறும், ஊர் அமைப்பில் அது ஊருணிவரை போய்ச் சேரும். வெயில் காலத்தில் முற்றம் வேறு வேலை பார்க்கிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று முற்றத்தில் இறங்கிச் சுற்றுத் தாழ்வாரத்தில் தங்குகிறது. பகலில் சூடேறிய காற்று அதே வழியாக மேலே போய்விடுகிறது. தடித்த சுவர்களில் சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பல பூச்சுகளாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுக் காரை. நூறு ஆண்டு ஆன பின்பும் கை வைத்தால் வழவழப்பும் குளிர்ச்சியும் குறையாது.

1930களின் பொருளாதாரச் சரிவு, 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தது, 1960களில் அங்கே தொழில்கள் அரசுடைமையானது என்று அடுத்தடுத்து விழுந்த அடியில், பர்மா வணிகத்திலிருந்து இந்த வீடுகளுக்கு வந்த பணம் நின்றுபோனது. பங்காளிகள் பெருகினார்கள், பராமரிப்பு யார் பொறுப்பு என்பது தீரவில்லை. வீடுகள் இடிபட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் நிலையும் கதவும் போதிகையும் வரிசையாக நிற்பது அப்படித்தான். அங்கிருந்து அவை சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன, புது வீடுகளின் வரவேற்பறையில் நிற்கின்றன. கஜலட்சுமி செதுக்கிய நிலை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு அதற்குள் தொலைக்காட்சி பொருத்தப்படுகிறது.

விறகாகாமல் ஒரு தூண் பிழைத்தது நல்லது. ஆனால் தூணை வாங்குவதையும் ஆத்தங்குடித் தரைக்கல்லை வாங்குவதையும் ஒன்றாக வைத்துப் பேச மாட்டேன். ஒவ்வொரு பழைய தூணும் எங்கோ ஒரு வீடு இல்லாமல்போனதற்குச் சாட்சி. ஆத்தங்குடிக் கல் இன்றைக்கும் செய்யப்படுகிறது. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக்கலவை இட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளை இல்லை, சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பு. வாங்கினால் ஒரு பட்டறையில் வேலை நடக்கிறது. மிதிக்க மிதிக்க மெருகேறும் தரை அது. காலணியோடும் ரசாயனத் திரவத்தோடும் அணுகினால் மங்கிப்போகும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் வழக்கத்தை நம்பியே அந்தக் கல் வாழ்கிறது.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் இடிபடவிருந்த செட்டிநாட்டு வீடு ஒன்று பிரித்துக் கொண்டுவரப்பட்டு முழுதாக நிற்கிறது. தூணை மட்டும் பார்த்தவர்கள் அங்கே போய்ச் சற்று நேரம் திண்ணையில் உட்கார வேண்டும். அந்த வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த பேக்கர், கேரளத்து நாலுகெட்டு வீடுகளிலிருந்து அலங்காரத்தை எடுக்கவில்லை. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர், பூச்சில்லாத சுவர், சரிந்த கூரை, நடுவே சிறு முற்றம் என்று செலவைக் குறைக்கும் பாடங்களாகவே மரபைப் படித்தார். ஏழைக்கும் காற்றும் நிழலும் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை நான் ஆன்மிகம் என்றே சொல்வேன்.

இதே பாடத்தை வேறு இடங்களில் படித்த கட்டடக் கலைஞர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் கொரியா. மும்பையில் கடலும் மேற்கே, மாலை வெயிலும் பருவமழையும் மேற்கே. பழைய பங்களாக்கள் சுற்றிலும் வராந்தா வைத்து இதைச் சமாளித்தன. 1970இல் தொடங்கி 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்ககத்தில், 28 மாடிக் கோபுரத்தின் மூலைகளை இரண்டு தள உயரத்துக்குக் குடைந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்ட மாடம் கொடுத்தார். அது 32 வசதியான குடும்பங்களுக்கான வீடு. அதைவிட என்னை ஈர்ப்பது நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் கட்டிய குடியிருப்பு. 8 மீட்டர் சதுர முற்றம் ஒன்றைச் சுற்றி ஏழு வீடுகள். அப்படி மூன்று தொகுதிகள் சேர்ந்து இன்னொரு பெரிய முற்றம். 45 முதல் 75 சதுர மீட்டர் மனைகள்தான். ஒவ்வொன்றுக்கும் வானம் தெரியும் சொந்த இடம் உண்டு, பிற்பாடு விரித்துக் கட்டவும் வழி உண்டு.

மற்றவர் பாலகிருஷ்ண தோஷி, 2018இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர். இந்தூரில் 1980களில் அவர் திட்டமிட்ட ஆரண்யா குடியிருப்பில் ஏறத்தாழ 6,500 மனைகள். மிக எளியவர்களுக்கான மனை 35 சதுர மீட்டர் அளவே. அடித்தளம், குடிநீர், கழிப்பறை கொடுத்து மீதியை மக்களே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அவ்வளவு குறுகிய இடத்திலும் தோஷி விட்டுக்கொடுக்காதது ஓட்லா. குஜராத் பக்கத்துத் திண்ணை அது. தெருவுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு படி, ஒரு மேடை. காய் நறுக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, விற்கக் கொண்டுவந்ததை இறக்கிவைக்க, மாலையில் பேச. வீட்டின் ஆடம்பரம் தொடங்கும் இடத்தில் அதை வைக்காமல், வீடு தொடங்கும் இடத்திலேயே வைத்தார்.

சிலையும் இல்லாமல் சின்னமும் இல்லாமல் ஆன்மிக இல்லம் இருக்க முடியுமா என்றால் புதுச்சேரி கோல்கொண்டே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் உறைவிடம். ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரியின் நன்கொடையை ஒட்டி அந்தப் பெயர். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். அவருடைய உதவியாளராக வந்த ஜார்ஜ் நகஷிமா ஆசிரமவாசியாகவே மாறி சுந்தரானந்தா என்ற பெயர் பெற்றார். 1930களில் தொடங்கி ஆசிரமத்தாரின் உழைப்பில் மெல்ல எழுந்த கான்கிரீட் கட்டடம் அது. வடக்கும் தெற்கும் முழுக்கச் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கும் கிடைமட்டப் பலகைகள். அறைக்கும் நடைக்கும் நடுவே காற்று புகும் தேக்குச் சறுக்குக் கதவுகள். கூரைமேல் இன்னொரு வளைந்த ஓட்டுப் போர்வை, இடையில் காற்று ஓட. அறையில் கட்டில், மேசை, கொசுவலை, கறுத்த கல்தரை. அங்கே தூய்மை செய்வதும் பொருளை அதன் இடத்தில் வைப்பதும் சாதனையின் பகுதி. ஆசிரமத்தார் அந்தக் கட்டடத்தைப் பேணும் விதத்தைப் பார்த்தால், வாஸ்து புருஷனின் ஐந்து வேலைகளோடு ஆறாவதாகப் பெருக்குவதையும் சேர்க்கத் தோன்றும்.

இந்தப் பின்னணியோடு இன்றைய அடுக்ககத்துக்குள் வருவோம். பூஜை அறை இல்லாத வரைபடம் தமிழ்நாட்டில் விற்காது. அதனால் இடம் இருக்கிறது. பெரும்பாலும் படுக்கையறைச் சுவரும் குளியலறைச் சுவரும் சந்திக்கும் இடத்தில் அலமாரி அகலத்தில். இயந்திரத்தால் வெட்டிய ஓம் கதவு, பின்னிருந்து மின்விளக்கு. பார்க்க அழகு. எண்ணெய் விளக்கின் கரி எங்கே போகும், கற்பூரப் புகை எங்கே வெளியேறும், அபிஷேக நீர் எங்கே இறங்கும், மூட்டு வலியோடு இருக்கும் பாட்டி எங்கே உட்காருவார் என்ற கேள்விகள் வரைபடத்தில் கேட்கப்படுவதில்லை. புகையறிவிப்பான் அலறும் என்று ஊதுவத்தியை விட்டுவிட்ட வீடுகள் உண்டு. பழைய வீட்டின் விளக்கு மாடம் இந்த விஷயத்தில் எவ்வளவு தெளிவு! சுவரில் ஒரு சாண் ஆழக் குழி; காற்று அணைக்காது, கரி மேலே படியும், ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடித்தால் போதும். செங்கல் சுவர் எழுப்பும்போதே சொல்லிவிட்டால் அதற்குத் தனிச் செலவு ஏது?

ஊஞ்சலும் அப்படியே. தளம் போடும் முன் கம்பி கட்டும்போது கொக்கி வைத்தாக வேண்டும். பிறகு துளைபோட்டு மாட்டினால் திருமண ஊஞ்சலின் எடைக்கு மனசு துணியாது. கோலத்துக்கு வாசலில் தண்ணீர் தெளிக்கும் தரை வேண்டும், தெளித்த தண்ணீர் வடிய வாட்டம் வேண்டும். பளபளப்புக் கல் பதித்த பொது நடையில் மாக்கோலம் வழுக்கும், நிர்வாகக் குழு தடைபோடும், ஒட்டுக்கோலம் வரும். ஒட்டுக்கோலத்தில் எறும்புக்கு அரிசிமாவு இல்லை, விடியலில் குனிந்து எழும் உடம்பு இல்லை. வாசலுக்கு வெளியே ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கடிக்கு நான்கடி சொரசொரப்பான கல்தரை விட்டுக் கட்டுவது எந்தக் கட்டுமான நிறுவனத்துக்கும் பெரிய இழப்பாகாது.

இவை இந்துக்களின் காரியம் மட்டும் என்று எண்ண வேண்டாம். காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளிலும் முற்றம் உண்டு. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வரத் தனி முடுக்குகள் உண்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய மரவீடுகள் அண்டை வீட்டு இந்துக்களின் அதே தச்சு மரபில் நிற்பவை. காற்றுக்கும் மழைக்கும் மதம் தெரியாது என்பதால் ஒரே விடையைப் பலரும் கண்டடைந்தார்கள்.

ஆனால் அந்த வீடுகள் யாரை உள்ளே விட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. யார் திண்ணை வரை வரலாம், யார் திண்ணையிலும் உட்காரக் கூடாது, யார் கொல்லைப்புற வழியாக மட்டும் வரவேண்டும் என்று சாதி கோடு போட்டு வைத்திருந்தது. மாதவிலக்கான பெண்கள் ஒதுங்கிக் கிடந்த மூலை உண்டு. விதவைகள் முன்கட்டுக்கு வராத வீடுகள் உண்டு. பின்கட்டு அடுப்படிகள் இருண்டு புகை மண்டிக் கிடந்தன; அந்தப் புகையைக் குடித்தவர்களின் பெயர் எந்த முகப்பிலும் செதுக்கப்படவில்லை. அதனால்தான் இன்று மரபு வழியில் வீடு கட்டுகிற ஒருவர் முதலில் அடுப்படியை முற்றத்தருகே கொண்டுவந்தால் மகிழ்கிறேன். திண்ணை வைத்தால், கூரியர் கொண்டுவரும் பையனும் வீட்டுவேலைக்கு வரும் அம்மாவும் கேட்காமலே உட்காரும் திண்ணையாக அது இருக்க வேண்டும். இரும்புக் கம்பிக்கதவுக்கு உள்ளே கட்டிய திண்ணையில் அமர ஆளில்லை.

இதெல்லாம் பெரிய மனை உள்ளவர்களுக்குத்தானே என்று கேட்பார்கள். நகரத்தில் சதுர அடிக் கணக்கில் நிலம் வாங்கியவருக்கு நடுவீட்டை வானத்துக்கு விடச் சொல்வது எளிதல்ல. கொசு வரும், சாரல் அடிக்கும், தூசி படியும், திருடன் இறங்குவான் என்ற அச்சங்களும் நியாயமானவை. கம்பி வலை முதலுக்கும் கடைசிக்கும் உதவும். சாரலுக்குத் தாழ்வாரத்தை இரண்டடி நீட்டலாம். தூசியைப் பெருக்கத்தான் வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை ஒன்று கவனித்திருக்கிறேன். நம் ஊர்களில் இரண்டு மூன்று சென்ட் மனையில் கட்டும் வீட்டிலும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று ஒரு திறப்பு விடுகிறார்கள், பொறியாளர்கள் ஓ.டி.எஸ். என்று குறிப்பது. மூன்றுக்கு நான்கடி இருக்கும். அது எப்போதும் இரண்டு குளியலறைகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது. கழிவுநீர்க் குழாய்கள் அதில்தான் இறங்குகின்றன, சன்னல் அதன் பக்கம் திறப்பதே இல்லை. குழாய்களைப் பக்கச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்தத் திறப்பைக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கொண்டுவந்து ஆறுக்கு ஆறடியாக்கினால் கூடுதலாகப் போவது 24 சதுர அடி. ஒரு பீரோவும் கட்டிலும் அடைக்கும் இடம். அதன் தரையைச் சற்றுத் தாழ்த்தி வடிகால் வைத்தால் துளசிக்கோ செம்பருத்திக்கோ ஒரு தொட்டி, பாத்திரம் கழுவ ஒரு கல், காலைவெயில் காய ஒரு மணை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். தோண்டியே ஆகவேண்டிய அந்த உறிஞ்சுகுழிக்கு மொட்டைமாடிக் குழாயோடு இந்த முற்றத்து வடிகாலையும் இணைக்கலாம். வரைபடம் ஒப்புதலுக்குப் போவதற்கு முன்பே இதைப் பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். தூண் எழுந்த பிறகு குழாயை நகர்த்துவது முடியாத வேலை.